நாலாம் நம்பர் சைக்கிளின் முன்சக்கரம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கோயம்புத்தூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, மாடி வீட்டு வித்யா ஒரு பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். யாரோ விற்றதை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாள். "பிரேக் புடிச்சா தெருவே திரும்பிப் பாக்குதுங்க. நீங்க மெக்கானிக்கல்தானே, கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். மெக்கானிக்கல் படித்தவர்களின் தலையெழுத்து இது. மிக்சி, தையல் மெஷின், குளியலறைத் தாழ்ப்பாள் எல்லாம் எங்களைத் தேடித்தான் வரும். சரி என்று குனிந்தேன். குனிந்தவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கேன்டிலீவர் பிரேக். இப்போது வருகிற சைக்கிள்களில் இதை அதிகம் பார்க்க முடியாது. இதைக் கொஞ்சம் விளக்காமல் மற்றதைச் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் காலுக்கு ஒரு சின்ன இரும்புக் கை இருக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு ரப்பர் பிரேக் கட்டை. இரண்டு கைகளையும் டயருக்கு மேலாக ஒரு குட்டி வயர் கூடாரம் மாதிரி இணைக்கும். ஹேண்டில்பாரிலிருந்து இறங்குகிற பெரிய வயர் அந்தக் கூடாரத்தின் உச்சியைப் பிடித்து மேலே இழுத்தால், இரண்டு கட்டைகளும் ரிம்மைக் கவ்வும். அவ்வளவுதான். ஆனால் டயர் தடிமனானது. சக்கரத்தைக் கழற்றப் போனால் கட்டைகள் வழி விடாது. அதற்காகக் குட்டி வயரின் ஒரு முனையை மட்டும் கையிலிருந்து விரலாலேயே விடுவிக்கும்படி செய்திருப்பார்கள். விடுவிப்பது ஒரு நொடி வேலை. திரும்ப மாட்டுவதும் ஒரு நொடி வேலைதான்.

வித்யாவின் சைக்கிளில் அது ஒழுங்காக மாட்டித்தான் இருந்தது. ஆனாலும் மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கீச்சொலிக்கு வைத்தியம் சுலபம். ரிம்மை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். கட்டையின் முன்நுனி பின்நுனியை விட ஒரு மயிரிழை முன்னதாக ரிம்மைத் தொட வேண்டும். அதற்குப் பின்நுனிக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி, திருகை இறுக்கி, பிறகு அட்டையை உருவ வேண்டும். வித்யா ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துக் கொடுத்தாள். செருகினேன். மஞ்சள் வாசம் வந்தது. எனக்கோ அந்த இடத்தில் ஏலக்காய் வாசம் வர வேண்டும்.

போடியில் நான் செருகியதெல்லாம் ஏலக்காய் சாம்பிள் கவர்தான். டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். சாமுவேல் அண்ணன் குடும்பத்துக்கு ஏலக்காய் வியாபாரம். மூணாறில் மூடிக் கிடந்த ஒரு விடுதியிலிருந்து அவர் ஆறு வெளிநாட்டுச் சைக்கிள்களை வாங்கிக்கொண்டு வந்தார். சுற்றுலா வருகிறவர்களைப் போடிமெட்டில் சைக்கிளில் ஏற்றி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரத்து முந்தலில் கொண்டுவந்து விடுவது அவர் திட்டம். கடைத்தெருவில் சிரித்தார்கள். "ஊருல எல்லாரும் ஏலக்காய விக்கிறான், இவன் எறக்கத்த விக்கப் போறான்" என்று ஒரு பெரியவர் சொன்னது அண்ணன் காதிலும் விழுந்தது. "எறக்கத்துக்கு வெல கெடையாதுல்ல, மொதலே போட வேண்டாம்" என்று அவரும் சிரித்தார். சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ள நான். மூட்டைகளுக்கு நடுவே, கடையின் பின்கட்டுதான் பட்டறை. பிரேக் கட்டையின் கரித்தூளும் பச்சை ஏலக்காயின் காரமும் கலந்த அந்த வாசம் துவைத்தாலும் என் துப்பட்டாவை விட்டுப் போனதில்லை.

நான் பட்டியல்காரி. ஊருக்குப் போகப் பை கட்டுவதற்கும் பட்டியல், அழுதுகொண்டே இருந்த நாட்களில் அழுவதற்கான காரணங்களுக்கும் பட்டியல். சைக்கிளுக்குச் சும்மா இருப்பேனா? பதினான்கு வரிகள். கட்டை ரிம்மின் நடுவில் படுகிறதா, டயரில் உரசுகிறதா, இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அசைகின்றனவா, வயரில் பிரிந்த இழை இருக்கிறதா. ஆறாவது வரி, முன் பிரேக் பிடிக்கிறதா. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு தாள், ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம், கட்டத்தில் டிக்.

ஜீப்பு ஓட்டின தங்கப்பாண்டி அண்ணனுக்கு அது பெரிய வேடிக்கை. ராசிங்காபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். "ஏத்தா, சைக்கிளுக்கு ஜாதகம் எழுதி முடிச்சிட்டியா? ராகு கேது எங்குட்டு நிக்கிது?" என்பார். "பிரேக்குல நிக்கிதுண்ணே" என்பேன் நான். எதைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

மேலே போகிற ஜீப்பு காலியாகப் போகக் கூடாது. போடியில் அது எழுதாத சட்டம். காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். அதே ஜீப்பின் கூரையில்தான் எங்கள் ஆறு சைக்கிள்களும் போகும். முன்சக்கரத்தோடு ஏற்றினால் நான்குதான் கொள்ளும், கழற்றினால் ஆறு. ஆகவே போடியில் பிரேக் எல்லாம் சரி பார்த்து, டிக் அடித்து முடித்த பிறகு, குட்டி வயர்களை விடுவித்து, முன்சக்கரங்களைக் கழற்றுவோம். சக்கரங்கள் அந்தப் பெண்களின் மடியில் உட்கார்ந்து மலையேறும். "என்னாத்தா இது, பிள்ளைய வச்சிருக்க மாதிரி வச்சிருக்கேன், எறங்கையில குடுத்தனுப்பிருவியா?" என்று ஒருத்தி கேட்டது நினைவிருக்கிறது. மெட்டில் சைக்கிள்களை இறக்கிவிட்டு, பாண்டி அண்ணன் சக்கரங்களை மாட்டிக் கொடுத்துவிட்டு, பெண்களைத் தோட்டத்தில் விட்டுத் திரும்பி வருவார். நேரத்துக்கு விடாவிட்டால் மேஸ்திரி அவர்களுக்கு அரைநாள் போட்டுவிடுவார். அதனால் எல்லாமே வெரசா நடக்கும்.

என் பட்டியலின் கடைசி வரி, "ஜீப்பில் ஏற்றியாயிற்று" என்பது. மெட்டில் செய்ய வேண்டியது எதுவும் அதில் இல்லை. படித்த புத்தி.

சக்கரத்தின் அச்சில் ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே மடக்கி இறுக்கும் ஒரு லீவர் உண்டு. நான் அதைப் பின்பக்கம் பார்த்து மடக்குவேன். முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் செடி கொடியில் மாட்டித் திறந்துகொள்ளலாம். பாண்டி அண்ணன் எப்போதும் முன்பக்கம்தான் மடக்குவார். பலமுறை சொல்லியிருக்கிறேன். "தெறந்துக்கிறதுக்கு இதென்ன ஜீப்புக் கதவா? முன்னால தள்ளுனாத்தான் எனக்குக் கை நிக்கிது" என்பார். இந்தச் சண்டை எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும் நடந்தது. வேறு யாருக்கும் அது தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டில் எங்களுக்காகச் சுகந்தி காத்திருப்பாள். என் வயதுதான். பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தாள். வாரநாட்களில் காய் எடுப்பு; சனி, ஞாயிறுகளில் வருகிறவர்களுக்கு முன்னால் நாலாம் நம்பர் சைக்கிளில் வழிகாட்டி இறங்குவாள். அவள் பேச்சில் பாதி மலையாளம். நான் ஒவ்வொரு வளைவுக்கும் பயப்படுவதைப் பார்த்து, "எடி, எஞ்சினீயரே இப்பிடிப் பேடிச்சா நாங்க என்னடி செய்ய?" என்பாள். ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. தூரில், மண்ணை ஒட்டி நீளும் சரத்தில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்து, மூத்த காயை மட்டும் விரல் நுனியால் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். அவள் விரல்கள் அதில் பேர் போனவை. "வளைவுல ஒடிக்கிறதும் காய் கிள்றதும் ஒண்ணுதாண்டி, மணிக்கட்டுலதான் இருக்கு" என்று காட்டுவாள்.

அன்று சனிக்கிழமை. மேற்கே கருத்திருந்தது. மதுரையிலிருந்து வந்த ஐந்து பேர் மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று பறந்தார்கள். ஜீப்பில் இருந்த பெண்கள், "பாண்டி, எங்களுக்கு நேரமாச்சுப்பா" என்று கத்தினார்கள். சக்கரம் மாட்டுவது அண்ணன் வேலைதான் என்றாலும், அவர் தடுமாறுவதைப் பார்த்து நானும் இரண்டு சைக்கிள்களுக்கு மாட்டினேன். அதில் ஒன்று நாலாம் நம்பர். சக்கரத்தைச் செருகினேன், லீவரை மடக்கினேன். அந்த நேரத்தில் ஓர் அம்மா வந்து இருக்கை உயரமாக இருக்கிறது, கால் எட்டவில்லை என்றார். இருக்கையை இறக்கப் போனேன். திரும்பி வந்தபோது சுகந்தி நாலாம் நம்பரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மணியை இரண்டு தடவை அடித்துவிட்டுக் கிளம்பினாள்.

குட்டி வயரை நான் மாட்டவில்லை.

முதல் வளைவுகளில் வேகம் பிடிக்காமல் பின் பிரேக்கை மட்டும் லேசாகத் தொட்டுக்கொண்டே போவது அவள் பழக்கம். தூறல் தொடங்கியதும் ஐந்தாவது வளைவில் முன் பிரேக்கை இழுத்திருக்கிறாள். பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெண்களை இறக்கிவிட்டு வந்த ஜீப்பில், அண்ணனும் நானுமாகப் பின்னால் வந்தோம். அவள் தடுப்புச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. அழக்கூட இல்லை. "பிரேக்கு கிட்டலடி" என்றாள் என்னைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள்.

பாண்டி அண்ணன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, மாட்டாம விட்டுட்டேனே." நான் வயரைப் பார்க்கவில்லை. அச்சைப் பார்த்தேன். லீவர் பின்பக்கம் பார்த்து மடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சாமுவேல் அண்ணன் கேட்டார், "யாரு வீலு மாட்டுனது?"

"வீலு மாட்டுறது ஏஞ் சோலிதானண்ணே" என்றார் பாண்டி அண்ணன்.

என் கையில் தாள்கள் இருந்தன. சாமுவேல் அண்ணன் நாலாம் நம்பர் தாளை வாங்கி, சுகந்தியின் அப்பாவுக்கும் மதுரைக்காரர்களுக்கும் விரித்துக் காட்டினார். "பாருங்க, முன் பிரேக்கு, டிக் போட்டிருக்கு. பாப்பா வேலையில கொற சொல்ல முடியாது." அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு, சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் இருந்த உண்மையைச் சொன்னது. நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சுகந்தியின் அப்பா அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. டிக் மட்டும் தெரிந்தது.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போன நாட்களுக்கும் ஒரு பட்டியல் போட்டேன், முதல் மாதத்தில். பிறகு அதைக் கிழித்துவிட்டேன். சொல்லாததற்கு நான் வைத்திருந்த காரணம் வேலை: ஒரு தொழிற்சாலையில் நேர்காணல் முடிந்து பதிலுக்குக் காத்திருந்தேன். தரம் பார்க்கும் பிரிவு, கேளுங்கள், சிரிப்பு வரும். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

சைக்கிள் இறக்கம் அந்த மழையோடு நின்றுபோனது. பாண்டி அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சுகந்தியின் எலும்பு கூடியது. மணிக்கட்டு பழையபடி வளையவில்லை. காய் எடுப்புக்குப் போக முடியாமல் தோட்டத்தில் களை பொறுக்கினாள் என்று கேள்விப்பட்டேன். நேரில் போய்ப் பார்த்தது ஒருமுறை. இடது கையால் கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். "குழப்பமில்லடி, பரவால்ல. பாண்டி அண்ணன் பாவம், வந்து கால்ல விழாத குறை" என்றாள். சாயாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். நாக்கு சுட்டது நான்கு நாள் இருந்தது.

கோயம்புத்தூர் கிளம்பும் முன் ஒருநாள் ஜீப்பு ஸ்டாண்டு பக்கம் போனேன். "ஏ சைக்கிளு, வீலெல்லாம் மாட்டிட்டியா மாப்ளே? பாத்து, கழண்டு ஓடிறப் போகுது!" ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். பாண்டி அண்ணன் ஜீப்புக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். நான் தெருவின் மறுபக்கம் போய்விட்டேன். அப்படித்தான் அவர் 'சைக்கிள் பாண்டி' ஆனார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் போய்விட்டது. வித்யாவின் சைக்கிள் கீச்சிடாமல் நின்றது. அவள் காபி கொடுத்தாள். மறு சனிக்கிழமை நான் தேனி பஸ்சில் இருந்தேன்.

மறுநாள் காலை, பாண்டி அண்ணன் ராசிங்காபுரத்தில், வீட்டு வாசலில் ஒரு குட்டிச் சரக்கு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஜீப்பை விற்றுவிட்டாராம், தேங்காய், தக்காளி லோடு ஏற்றுகிறாராம். "அட, ஜாதகக்காரம்மா! வாத்தா, வா" என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டுப் போய்விடுவேன் என்று தெரியும்.

"அண்ணே, சுகந்தி விழுந்தாள்ல, அந்த நாலாம் நம்பரு. அதுக்கு வீலு மாட்டுனது நீங்க இல்ல. நான்."

சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. லீவரு பின்னால பாத்து மடங்கியிருந்துச்சு."

அந்த லீவர் சண்டை அவருக்கு நினைவு வருவதை முகத்தில் பார்த்தேன். "எப்பத்தா தெரியும் ஒனக்கு?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேயா." குவளையை வண்டி மேல் வைத்தார். "நான் எத்தன நாளு கண்ண மூடி மூடி ரோசிச்சேன் தெரியுமா? அந்த வீலை மாட்டுன நெனப்பே வரல. மத்ததெல்லாம் வருது, அது மட்டும் வரல. நெனப்பே இல்லாம மாட்டிருக்கேன்னா அம்புட்டு அசால்ட்டா இருந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். ஏன் ஜீப்ப வித்தேன்னு நெனக்கிற? ஆளு ஏத்த பயந்துதான். இன்னைக்கு வரைக்கும் இந்த வண்டியில பொண்டாட்டியக்கூட ஏத்துனதில்ல. தேங்காதான். தேங்கா உருண்டாப் பொறுக்கிக்கிறலாம்."

மன்னிப்பு என்ற சொல்லை மூன்று பஸ் மாறி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த வாசலில் அதை எடுத்து வைக்க இடம் இருக்கவில்லை.

"அந்தப் பிள்ளட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

அவள் எங்கே என்று தெரியவில்லை என்றேன். முதல்நாளே மேலே போய் வந்திருந்தேன். லயம் இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு அறைகள் கட்டியிருக்கிறார்கள். அவள் குடும்பம் இறங்கிப் போய் வருடம் மூன்றாகிறது என்றார் காவல்காரர். தேவாரத்தில் சித்தி வீடு என்றார் ஒருவர், திருப்பூர் என்றார் இன்னொருவர். பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை.

"சரி. எங்கிட்டச் சொன்னத ஸ்டாண்டுல வந்து சொல்லு" என்றார் பாண்டி அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை; கடையில் மீதிச் சாமானை எடுத்து வைக்கச் சொல்வது போலச் சொன்னார். "நீ பஸ்சுல போ. நான் லோட எறக்கிட்டு வர்றேன்."

அவர் வண்டியில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது.

போடி ஸ்டாண்டில் நான் அரைமணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். பழைய முகம் ஒன்றைத் தேடினேன். அன்றைக்குக் கத்தியவர் செத்துப்போயிருந்தார். இன்னொருவர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டாராம். மூன்றாமவரின் பெயர் இப்போதிருப்பவர்களுக்குத் தெரியவே இல்லை. இருந்தவர்கள் எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். பாண்டி அண்ணன் வந்து வண்டியை ஓரமாக நிறுத்தினார். "வாங்க சைக்கிள் அண்ணே" என்று ஒருவன் மரியாதையாக எழுந்து இடம் விட்டான். கேலியே இல்லை அதில்.

நான் சொன்னேன். பஸ்சில் ஒத்திகை பார்த்த அதே வாக்கியம். "மெட்டு இறக்கத்துல சுகந்தி விழுந்த சைக்கிளுக்கு முன் வீலை மாட்டுனது இவரு இல்ல. நான்தான். இவரு மேல தப்பு இல்ல."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்த சுகந்திக்கா?" என்றான் ஒருவன். "மெட்டுல எதுக்குச் சைக்கிளு ஓட்டுனாக?" என்றான் இன்னொருவன். இடம் விட்டவன் பாண்டி அண்ணனிடம் திரும்பி, "என்னண்ணே பஞ்சாயத்து? நீங்க முன்னாடி சைக்கிள் கடை வச்சிருந்தீக, அதான் அந்தப் பேருன்னு சொன்னாக?" என்றான்.

பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த வரியில் எழுதுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"ஆமாப்பு" என்றார். "கடைதான் வச்சிருந்தேன்."

பிறகு வண்டியில் ஏறி, வந்த வழியே திருப்பிக்கொண்டு போனார்.